ஆறே முக்கால் சதுர கிலோமீட்டர்: ஜிப்ரால்டரில் தனியாக மூன்று இரவுகள்

நான் விமானம் மாறி ஏறவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். ஏனென்றால் லண்டனின் தெற்கே நோர்பரியில் தொடங்கிக் கிழக்கே இல்ஃபோர்ட் வரைக்கும், ஜிப்ரால்டருக்குப் போவதாக நினைத்து ஸ்பெயின் விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன் என்றொரு கதை உலாவுகிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒருவர் என் கையைப் பிடித்து, "இனியாவது பிள்ளையோட போய் இருங்கோ அக்கா" என்று கண்கலங்கினார். நான் ஏறியது சரியான விமானம். காற்று பலமாக இருந்தபடியால் அது ஜிப்ரால்டரில் இறங்க முடியாமல் மலகாவில் இறங்கியது. என்னோடு நூற்றைம்பது பேராவது அங்கே இறங்கினார்கள். விமானியும் அவர்களில் ஒருவர்.

இனிப் பயணத்துக்கு வருகிறேன். வயதான பெண்கள் தனியாகப் போகக்கூடிய இடங்களைப் பற்றி இந்த வலைப்பதிவில் எழுதி வருகிறேன் என்பது வழக்கமாக வாசிப்பவர்களுக்குத் தெரியும். இதுவரை எழுதியவை ரயிலில் போய்வந்த இடங்கள். கடல் கடந்து போக எண்ணியதற்குக் காரணம் என் மகன் குகன்.

குகன் இல்ஃபோர்டில் இருக்கிறான். என் கணவர் காலமாகி ஆறு வருடம். நோர்பரி வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். அதை விற்றுவிட்டுத் தன் வீட்டின் கீழறைக்கு வரச் சொல்லி இரண்டு வருடமாகக் கேட்கிறான். அன்பாகத்தான் கேட்கிறான், அதை மறுக்கவில்லை. சென்ற மாசியில் பக்கத்து மிட்சம் பகுதிக்கு ஒரு சினேகிதியைப் பார்க்கப் போனேன். டிராமில் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்ததில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு, விம்பிள்டன் வரை போய்த் திரும்பினேன். அன்றிலிருந்து "அம்மா துலைஞ்சு போனா" என்பது குடும்ப வரலாறாகிவிட்டது.

ஆகவே ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டோம். நான் தனியாக ஒரு வெளியிடத்துக்குப் போய்வர வேண்டும். உறவினர், தெரிந்தவர் எவரிடமும் உதவி கேட்கக் கூடாது. நாளுக்கு ஒரு படம் அனுப்ப வேண்டும். இவை நடந்தால், நானாகப் பேச்செடுக்கும்வரை வீட்டை விற்பது பற்றி அவன் வாய்திறக்கக் கூடாது. இரண்டு பிரதிகள் எழுதினோம். நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள்; ஒப்பமிட்ட வார்த்தையை விளையாட்டாக எடுக்கப் பழகவில்லை.

ஜிப்ரால்டரைத் தெரிந்தெடுத்தது யோசித்துத்தான். ஸ்பெயினின் தென்கோடியில் தொங்கும் பிரித்தானிய ஆட்சிப்புலம் அது. பரப்பு ஆறே முக்கால் சதுர கிலோமீட்டர்தான். ஆங்கிலம் செல்லும், பவுண்ட் செல்லும். மத்தியதரைக் கடலின் வாசலில் நிற்கும் ஒரு பாறை, அதன் அடிவாரத்தில் ஒரு ஊர். அந்த வாசலால் போகிற கப்பல் எதுவும் அதன் கண்ணில் படாமல் போக முடியாது. அதனால்தான் முந்நூறு வருடங்களுக்கு மேலாக இரண்டு நாடுகள் அதற்காக இழுபறிப்படுகின்றன.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை 9.36க்கு நோர்பரியில் ரயில் ஏறினேன். முதியோர் பாஸ் வைத்திருப்பவர்கள் 9.30க்கு முன் ரயிலில் ஏறக் கூடாது. அதோடு அந்த இலவசப் பாஸ் லண்டன் போக்குவரத்தின் ஆறாம் வலய எல்லை வரைதான். அங்கிருந்து கேட்விக் விமான நிலையத்துக்குத் தனிச்சீட்டு எடுக்க வேண்டும். எனக்கு 6 பவுண்ட் 40 பென்ஸ் ஆனது. ஈஸ்ட் குரொய்டனில் ஒருமுறை மாறி, 10.25க்குக் கேட்விக். விமானச் சீட்டு போகவர 118 பவுண்ட், கைப்பெட்டி ஒன்றுடன். 1.25க்குப் புறப்பட வேண்டிய விமானம் 1.40க்குப் புறப்பட்டது.

ஜிப்ரால்டரை நெருங்கும்போது விமானம் மிகவும் ஆடியது. யன்னலால் பாறை தெரிந்தது. அதன் உச்சியில் ஒரு வெண்மேகம் தொப்பிபோல் உட்கார்ந்திருந்தது. கிழக்கிலிருந்து காற்று வீசினால் அந்த மேகம் வருமாம். ஓடுபாதை தெரிகிற அளவுக்கு இறங்கிவிட்டு விமானம் மறுபடி மேலே எழுந்தது. பின்னாலிருந்த ஒரு ஆள் சத்தமாகச் செபம் சொன்னார். சற்று நேரத்தில், மலகாவுக்குப் போகிறோம், அங்கிருந்து பஸ்ஸில் அனுப்புவோம் என்று விமானி அறிவித்தார். பக்கத்து ஆசனத்தில் இருந்த ஜிப்ரால்டர்ப் பெண்மணி கையிலிருந்த கம்பளிப் பின்னலைக்கூடக் கீழே வைக்கவில்லை. "எங்கள் ஊரில் இது சாதாரணம்" என்றார்.

மலகாவில் உள்ளூர் நேரம் 5.50. கடவுச்சீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, ஸ்பெயினில் எத்தனை நாள் என்று கேட்டார். "நாள் இல்லை, இரண்டு மணித்தியாலம்" என்றேன். சிரிக்காமல் முத்திரை குத்தினார்.

வெளியே வந்தால், வரவேற்போர் நிற்கும் கம்பிக்குப் பின்னால் ஒரு அட்டை. அதில் தமிழில், கொட்டை எழுத்தில், "குகன் அம்மா". அதைப் பிடித்திருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"அன்ரி! இஞ்சை, இஞ்சை! குகன் அண்ணையின்ர அம்மா தானே?"

"என்ரை பேர் பரமேஸ்வரி. நீர் ஆர்?"

"நான் ரவி. மலகாவிலதான் இருக்கிறன். ஒரு ஹோட்டல் குசினியில வேலை. நீங்கள் பிளேன் மாறி ஏறி வந்திட்டியளாம் எண்டு மெசேஜ் வந்தது. பயப்படாதேங்கோ, வான் வெளியில நிக்குது."

நடந்தது இதுதான். என் கைபேசி எங்கே இருக்கிறது என்று குகன் தன் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். தரையிறங்கி நான் கைபேசியைத் திறந்ததும் அது மலகாவைக் காட்டியிருக்கிறது. என்னிடம் கேட்காமல் கோயில் வாட்ஸ்அப் குழுவில் எழுதினான். அதில் ஒருவரின் மைத்துனர் பாரிசில். அந்த மைத்துனரோடு முன்பு வேலை செய்தவர் ரவி. முத்திரை குத்தும் வரிசையில் நான் நின்ற முப்பத்தைந்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எங்கள் ஆட்களின் வேகத்துக்கு எந்த அரசாங்கமும் நிற்காது. விசாரிப்பதில் மட்டும் கொஞ்சம் பின்னுக்கு.

"தம்பி, பிளேன் மாறேல்லை. காத்துக்கு இஞ்சை இறக்கினவங்கள். இந்தச் சனம் முழுக்க மாறி ஏறினதோ?"

ரவி திரும்பிப் பார்த்தார். பெட்டிகளோடு சனம் பஸ்ஸை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. "ஓம் என்ன" என்று தலையைச் சொறிந்தார். அதற்குள் அவருடைய கைபேசியில் குகனின் முகம் வந்துவிட்டது.

"அம்மா, ரவியோட போங்கோ. ராவைக்கு அவையின்ரை வீட்டில நில்லுங்கோ. நாளைக்கு நான் வந்து கூட்டிக்கொண்டு வாறன்."

"பஸ் நிக்குது குகன். நான் போறன்."

"அம்மா, சொன்னாக் கேளுங்கோ. உங்களுக்கு எழுபத்தெட்டு வயசு!"

"எழுபத்தேழு. எத்தினை பேருக்குக் கூட்டிச் சொல்லி வைச்சிருக்கிறாய்?"

"தெரியாத நாட்டில, பாசை தெரியாமல்..."

"பஸ்ஸில ஏறி இருக்கிறதுக்கு என்ன பாசை வேணும்?"

ரவி கைபேசியை எங்கள் இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, யார் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் நின்றார். பாவம் அந்த மனிதர். ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். அந்த நேரத்தில் என் முழங்கால் வலித்தது. வான், வீடு, தமிழ் பேசும் ஒரு பெண், சுடச்சுடத் தேநீர் எல்லாம் பத்து நிமிட தூரத்தில் இருந்தன. எனக்குப் போக விருப்பமாக இருந்தது. போயிருந்தால் நோர்பரி வீடு போயிருக்கும். பெட்டியை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

ரவி பின்னாலேயே ஓடிவந்தார். "அன்ரி, நான் அண்ணைக்கு இப்ப என்னத்தைச் சொல்லுறது?"

"பஸ் வந்தது, ஏறினா எண்டு சொல்லும்."

"அப்ப இதையாவது எடுங்கோ." வெள்ளித்தாளில் சுற்றிய பொதி ஒன்று. "புட்டும் மீன்பொரியலும். மனிசி இரவுச் சாப்பாட்டுக்கு அவிச்சது. திருப்பிக் கொண்டுபோனா என்னை வீட்டுக்குள்ள விடாள்."

வாங்கினேன். பஸ் 6.50க்குப் புறப்பட்டது. மலகாவிலிருந்து ஜிப்ரால்டர் எல்லைக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர். ஒன்றே முக்கால் மணித்தியாலம் ஆனது. புட்டைப் பின்னல்காரப் பெண்மணியோடு பகிர்ந்துகொண்டேன். மொரோக்கோ நாட்டவர் செய்யும் கூஸ்கூஸ் மாதிரி இருக்கிறது, ஆனால் இதில் தேங்காய் வாசம் என்றார். பொரித்த மீன் துண்டுகளில் பெரியதை அவர் எடுத்துக்கொண்டதையும் கவனித்தேன்.

8.35க்கு எல்லை. நல்ல வெளிச்சம் இருந்தது. கடவுச்சீட்டைக் காட்டி நடந்து கடந்து, ஊர்ப் பஸ்ஸில் விடுதிக்குப் போனேன். பஸ்ஸுக்கு 2 பவுண்ட் 50 பென்ஸ். விடுதி பிரதான வீதியின் தெற்குப் பக்கம், இரவுக்கு 104 பவுண்ட், காலை உணவுடன். அறை சிறியது, சுத்தம்.

புதன்கிழமை பாறைக்கு ஏறினேன். ஏறினேன் என்றால் வாடகை வண்டியில். எட்டுப் பேர் ஏறும் வண்டியில் ஆளுக்கு 45 பவுண்ட், நுழைவுக் கட்டணமும் அதற்குள். ஒன்றரை மணித்தியாலம். பாதை ஒடுக்கம், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆகாயம். ஓட்டுநர் அறுபது வயது மதிக்கத்தக்க ஊர்க்காரர். ஆங்கிலத்தில் தொடங்கி ஸ்பானியத்தில் முடிக்கும் பேச்சு. என்னை முன் ஆசனத்தில் இருத்தினார்.

பாறைக்குள் பெரிய சுண்ணாம்புக் குகை ஒன்று இருக்கிறது. ஈரமான படிகள். பதினோராவது படியில் கால் வழுக்கியது. ஓட்டுநர் முழங்கையைப் பிடித்து, குகைக்குள் இருக்கும் கச்சேரி மேடை வரை விடாமல் கூட்டிப் போனார். மகனுக்குத் தெரியாமல் போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஒப்பந்தம் செய்தவள் மறைக்கக் கூடாது. அவர் உறவினரும் இல்லை, தெரிந்தவரும் இல்லை. தவிர, 45 பவுண்டுக்குள் அதுவும் அடங்கும் என்பது என் கருத்து.

மேலே குரங்குகள் உண்டு, வாலில்லாதவை. ஐரோப்பாவில் காட்டுக் குரங்குகள் வாழ்வது இங்கு மட்டும்தான். உணவு கொடுத்தால் பெரிய அபராதம். கைப்பையை மார்போடு அணைத்துப் பிடியுங்கள். எங்கள் வண்டியில் வந்த ஒருவரின் ரொட்டி கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விட்டது.

உச்சிக்குக் கிட்ட வண்டியை நிறுத்தி ஓட்டுநர் கைகாட்டினார். எதிரே ஆபிரிக்கா, இருபத்துநான்கு கிலோமீட்டரில், துவைத்துப் போட்ட நீலத் துணி மாதிரி. மேற்கே குடாவில் எண்ணெய் நிரப்பக் காத்திருக்கும் கப்பல்கள். வடக்கே ஓடுபாதை, அதற்கு அப்பால் எல்லை, ஸ்பெயின். 1704இல் ஸ்பெயினிடமிருந்து பிடித்தது, 1713இல் ஒப்பந்தத்தில் பிரித்தானியாவுக்குக் கைமாறியது, பிறகு முற்றுகைமேல் முற்றுகை. ஒன்று மூன்றரை வருடத்துக்கு மேல் நீடித்தது. அப்போது கையால் குடைந்த சுரங்கங்கள் இன்றும் இருக்கின்றன. 1969இல் ஸ்பெயின் எல்லையை மூடிவிட்டது. மறுபடி நடந்துபோக விட்டது 1982இல்.

"என் அத்தை அந்தப் பக்கம் கலியாணம் செய்தவ" என்றார் ஓட்டுநர். "ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பார், அவ அந்தப் பக்கம். கத்திக் கத்திக் கதைப்பினம். பிள்ளை பிறந்தால் தூக்கிக் காட்டுவினம்."

பிறந்த ஊருக்குப் பாதை பூட்டிக் கிடந்த காலத்தைக் கண்டவள் நான்; எனக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இவ்வளவு சின்ன இடம். பெரிய நாட்டுக்குப் பக்கத்தில். தனியாக இருக்கப் பயமில்லையா?" என்று கேட்டேன். இதே கேள்வியை என்னிடம் கேட்பவர்களின் தொனியிலேயே கேட்டிருக்கிறேன் என்று பிறகுதான் உறைத்தது.

"அம்மணி, ஸ்பெயின் சொல்லும், எங்களிட்டை வந்திடுங்கோ, வசதியாய் இருக்கும். லண்டன் சொல்லும், கவலைப்படாதேங்கோ, நாங்கள் பாத்துக்கொள்ளுறம். எல்லாருக்கும் எங்களைப் பாத்துக்கொள்ள ஆசை. எங்களிட்டைக் கேக்க வேணும் எண்டது கடைசியாய்த்தான் ஞாபகம் வரும்." பேச்சு ஆங்கிலம், என் தமிழில் தருகிறேன். "1967இல் ஒருக்கால் கேட்டினம். ஸ்பெயினோடு சேர வாக்களித்தது நாற்பத்துநாலு பேர். அந்த நாற்பத்துநாலு பேர் ஆரென்று என் அம்மா சாகும்வரை ஊகித்துக்கொண்டிருந்தா."

ஐந்து பவுண்ட் சந்தோசக் காசு கொடுத்தேன்.

வியாழக்கிழமை 2ஆம் இலக்கப் பஸ்ஸில் தென்முனைக்குப் போனேன். இருபது நிமிடம். கலங்கரை விளக்கம், ஒரு பெரிய மசூதி, கடலோடிகளுக்கான ஒரு மாதா கோயில், மூன்றும் நடக்கிற தூரத்தில். காற்று இன்னும் அடங்கவில்லை. சேலை கட்டிப் போகாதீர்கள். நான் கட்டிப் போனேன், மதிற்சுவரோரமாக நடக்க வேண்டி வந்தது. திரும்பும் வழியில் பிரதான வீதியில் ஆளுநரின் வாசஸ்தலத்தைப் பார்த்தேன். அதன் பெயரே கொன்வென்ட். ஆனால் அங்கே முன்னர் இருந்தவர்கள் ஆண் துறவிகள், கன்னியாஸ்திரிகள் அல்லர். வழிகாட்டிப் பெண்ணொருத்தி பிழையாகச் சொன்னாள், திருத்தினேன். பின்னொழுங்கை ஒன்றில் சிந்தி வியாபாரிகள் கட்டிய சின்னக் கோயில் இருக்கிறது. கும்பிட்டு, பக்கத்துச் சந்தையில் கடலைமாவில் சுட்ட கலென்டிட்டா என்ற பண்டம் வாங்கினேன். உப்பும் மிளகுத் தூளும் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காய்ச்சல்காரர் சாப்பாடு.

வெள்ளிக்கிழமை திரும்புகிற விமானம் 12.10க்கு. ஊரிலிருந்து விமான நிலையத்துக்கு நடந்தே போகலாம், இருபது நிமிடம். அந்த வழி ஓடுபாதைக்குக் குறுக்காகப் போகிறது. விமானம் வரும்போது தடையை இறக்கிவிடுவார்கள். பெட்டியோடு நான், மரக்கறிப் பையோடு ஒரு அம்மா, சைக்கிளோடு ஒரு தபாற்காரர், விமானம் இறங்கி ஓடி முடியும்வரை நின்றோம். தடை உயர்ந்ததும் எல்லோரும் கடந்து போனோம்.

கேட்விக் 2.05. நோர்பரி வீட்டுக் கதவைத் திறந்தது 3.50க்கு. நாலு நாளும் படம் அனுப்பியிருந்தேன். எவரையும் உதவி கேட்டுக் கூப்பிடவில்லை. கதவுக்குப் பின்னால் தபால்கள் கிடந்தன. அவற்றில் ஒரு நீளமான கடிதவுறை. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில், போக நினைப்பவர்களுக்கு.

மூன்று இரவுகள் தாராளம். திரும்பி வரும் நாளுக்கு அடுத்த நாள் முக்கியமான அலுவல் எதையும் வைக்காதீர்கள். காற்று உங்களைக் கேட்டு வீசாது. மலகாவில் இறங்கினால் பதறாமல், கூட வந்த சனத்தின் பின்னால் போங்கள். கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும். எல்லை விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் புறப்படுமுன் அரசாங்க இணையத்தளத்தில் பாருங்கள். மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள். அங்கே மிச்சக்காசாகத் தரும் ஜிப்ரால்டர் பவுண்ட் நோட்டுகளை அங்கேயே செலவழியுங்கள். லண்டன் கடைகள் வாங்க மாட்டா. குகைக்கு ரப்பர் அடி வைத்த சப்பாத்து. கைபேசியில் உங்கள் இருப்பிடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டும் வசதியை அணைப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். நான் அணைத்துவிட்டேன்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கும்போது, எழுபது தாண்டியவர்கள் தனியாகப் போய்வரக்கூடிய இடம்தான் என்று உறுதியாகச் சொல்வேன். கொஞ்சம் பயம் வரும். எனக்கும் வந்தது. அது வந்து போகும்வரை ஏதாவது வாகனத்தில் ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி அந்தக் கடிதவுறை. வீடு விற்கும் முகவர் ஒருவரிடமிருந்து வந்தது. "உங்கள் மகனுடன் பேசியபடி" திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வீட்டை மதிப்பிட வருகிறோம் என்று எழுதியிருந்தது. கடிதத்தின் திகதி புதன்கிழமை. நான் குகையில் நின்ற நாள். அன்றே முகவருக்குத் தொலைபேசி எடுத்து, வர வேண்டாம் என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டார்கள், அவர்கள்மேல் பிழையில்லை. மகனுடன் எந்த நாள் பேசினீர்கள் என்று கேட்டேன். அதைச் சொல்ல ஏலாது என்றார்கள்.

குகன், இந்தப் பதிவை நீ வாசிப்பாய் என்று தெரியும். கோயில் குழுவிலும் யாராவது போடுவார்கள். புட்டு வாங்கியதால் நான் உதவி பெற்றுவிட்டேன், ஆகவே ஒப்பந்தம் முறிந்தது என்று நீ சொல்வதாகக் கேள்விப்பட்டேன். எழுதியிருப்பது உதவி கேட்கக் கூடாது என்று. நான் கேட்கவில்லை. கொண்டுவந்து நீட்டிய சாப்பாட்டைத் தட்டிவிட உன்னை நான் வளர்க்கவில்லை, என்னையும் எவரும் வளர்க்கவில்லை. ரவியின் மனைவிக்கு நன்றிக் கடிதம் அனுப்பிவிட்டேன்.

எனக்குத் தெரிய வேண்டியது வேறு. நீ முகவரோடு பேசியது நான் புறப்படுமுன்னரா, அல்லது செவ்வாய்க்கிழமை மாலை நான் மலகாவில் நிற்பதைக் கண்ட பிறகா? பிறகு என்றால், பயந்து செய்திருக்கிறாய். நானும் தாய், எனக்கு அது விளங்கும், அதோடு முடிந்தது. முன்னர் என்றால், என்னிடம் ஒப்பம் வாங்கும்போதே என்ன நினைத்திருந்தாய் என்று நான் யோசிக்க வேண்டும்.

தொலைபேசியில் சொல்லாதே. குரல்பதிவும் வேண்டாம். எந்த நாள் பேசினாய் என்பதை ஒரு தாளில் எழுதி, கீழே உன் பெயரை வைத்து, நோர்பரி வீட்டுக்குத் தபாலில் அனுப்பு.